ரெண்டு சம்பளம், ஒரு ஊர்: சிவகிரிக்குத் திரும்பினால் என்ன ஆகும்?

கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆனவங்களைப் பார்த்தா ஊர்ல கேட்கிற கேள்விகள் ரெண்டு. விசேஷம் உண்டா? வீடு கீடு வாங்கியாச்சா? எங்க விஷயத்தில் மூணாவதா ஒண்ணு சேர்ந்துகொண்டது: "பேசாம ஊருக்கே வந்துரலாம்லா?"

ஊர் என்று சொல்வது சிவகிரியை. ஈரோட்டுப் பக்கம் இருக்கிற சிவகிரி இல்லை. தென்காசி மாவட்டத்துச் சிவகிரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம், கொல்லம் - திருமங்கலம் நெடுஞ்சாலையில் வாசுதேவநல்லூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில். அவருக்குச் சொந்த ஊர், எனக்கு வாக்கப்பட்ட ஊர். என் பிறந்த வீடு சங்கரன்கோவிலில். இப்போது ரெண்டு பேரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். அவருடைய நிறுவனம் சம்பளத்தில் பத்து சதவீதம் குறைத்துக்கொண்டு நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறது. என் நிறுவனம் அப்படிச் சொல்லவில்லை. ஊருக்குப் போவதென்றால் நான் இந்த வேலையை விட வேண்டும்.

அவரோட ஆச்சி கேட்டாங்க: "ரெண்டு பேரும் சம்பாதிக்கிய, துட்டு எங்கட்டி போவுது?" நியாயமான கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தபோது கணக்கு, சட்டம், பொருளாதாரம் என்று மூணு பக்கமும் படிக்க வேண்டி வந்தது. அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தினதுதான் இது. எங்க எண்கள் உங்களுக்குப் பொருந்தாது. கணக்குப் போடுகிற முறை பொருந்தும்.

முதலில் வரவு செலவு

எங்க எண்களை வட்டமாக்கித் தருகிறேன். அவர் கைக்கு 65,000. எனக்கு 55,000. சேர்த்து 1,20,000.

சென்னையில் மாதச் செலவு:

- வாடகை 20,000
- மளிகை, பால், காய்கறி, வீட்டுச் சாமான் 16,000
- போக்குவரத்து 7,000
- வெளியில் சாப்பாடு, சினிமா, துணிமணி 8,000
- ஊருக்குப் போய்வர, மொய் உட்பட 5,000
- ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும் 10,000
- காப்பீடு, கரண்ட், போன், நெட் 6,000

மொத்தம் 72,000. மிச்சம் 48,000.

சிவகிரியில் அத்தை, மாமாவோடு ஒரே வீட்டில் இருந்தால் வாடகை கிடையாது. ஆனால் அதைச் "செலவே இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுச் செலவுக்கு 20,000 கொடுப்போம். ஒண்ணு போனால் இன்னொண்ணு இருக்கணும் என்று ரெண்டு நெட் இணைப்பு, கூடுதல் கரண்ட் 2,500. காப்பீடு 6,000. பெட்ரோல் 3,000. அவர் அவ்வப்போது சென்னை அலுவலகம் போய்வர 3,000. வெளிச்சாப்பாடு 2,000. சங்கரன்கோவில் வீட்டுக்கு 5,000. மொத்தம் 41,500. பத்து சதவீதம் குறைந்த அவர் சம்பளம் 58,500. மிச்சம் 17,000.

48,000-க்குப் பதில் 17,000. மாதம் 31,000, வருஷத்துக்கு 3,72,000 ரூபாய் குறைகிறது. ஊருக்குத் திரும்புவதற்கு நாங்க கொடுக்க வேண்டிய விலை இது. "ஊர்ல செலவே இல்ல" என்று பேசுகிறவர்கள் செலவுப் பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் பதில் சுலபம்: சென்னையிலேயே இருங்க. ஆனால் இந்தக் கணக்கு எல்லாம் சரியாகப் போகிற மாதத்துக்கானது. எதாவது தப்பாகிற மாதத்துக்கும் ஒரு கணக்குப் போடணும்.

ரெண்டு சம்பளம் என்கிற பொறி

எலிசபெத் வாரனும் அவர் மகள் அமீலியா தியாகியும் 2003-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். தலைப்பின் பொருளே "ரெண்டு வருமானப் பொறி". வாரன் அப்போது திவால் சட்டம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர். பிறகுதான் அமெரிக்க செனட்டர் ஆனார். ஒரு சம்பளக் குடும்பத்தைவிட ரெண்டு சம்பளக் குடும்பம் பத்திரமானது என்று நாம் நினைக்கிறோம். வீட்டுக் கடன், வண்டிக் கடன், பள்ளிக் கட்டணம் என்று மாதம் தவறாத செலவுகளை ரெண்டு சம்பளத்தையும் நம்பி ஏற்றிக்கொண்டால், அந்தக் குடும்பம் முன்னைவிட ஆபத்தில்தான் நிற்கிறது என்பது அவர்கள் வாதம். காரணம் ரெண்டு. ரெண்டு வேலை இருந்தால் எதாவது ஒண்ணு போவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. அதோடு, முன்பு ஒருவர் வேலை போனால் வீட்டில் இருக்கும் இன்னொருவர் வேலைக்குப் போய்ச் சமாளிக்கலாம்; இப்போது அந்த மாற்று ஆள் ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறார்.

இதை எங்க கணக்கில் போட்டுப் பார்த்தேன். நாலு நிலைமை:

1. சென்னை, வாடகை வீடு. மிச்சம் 48,000. என் சம்பளம் நின்றால் 7,000 பள்ளம். அவர் சம்பளம் நின்றால் 17,000 பள்ளம்.

2. சென்னை, 50 லட்சம் கடனில் சொந்த வீடு. 8.5% வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400. வாடகை 20,000 மிச்சமாகும். பராமரிப்பு 3,000 கூடும். செலவு 98,400. மிச்சம் 21,600. என் சம்பளம் நின்றால் 33,400 பள்ளம். அவருடையது நின்றால் 43,400.

3. சிவகிரி, அவர் சம்பளம் மட்டும். மிச்சம் 17,000. அது நின்றால் 41,500 பள்ளம்.

4. சிவகிரி, அவர் சம்பளத்தோடு நான் மாதம் 31,000 சம்பாதித்தால். மிச்சம் 48,000. என்னுடையது நின்றாலும் 17,000 மிச்சம். அவருடையது நின்றால் 10,500 பள்ளம்.

நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஊர்க்காரர்கள் ஆகப் பத்திரம் என்று நினைக்கிற ரெண்டு வழிகள், அதாவது "சென்னையில் வீடு வாங்கிப் போடு", "வேலையை விட்டுட்டு ஊருக்கு வா" என்கிற ரெண்டும், கெட்ட மாதத்தில் ஏறக்குறைய ஒரே ஆழத்துக்கு இறக்குகின்றன. ஒண்ணில் செலவு ஏறிப் போச்சு; இன்னொண்ணில் தாங்குகிற கால் ஒண்ணாகிப் போச்சு. சென்னையா சிவகிரியா என்பது இதில் ரெண்டாவது கேள்வி. எத்தனை கால், எவ்வளவு பாரம் என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொரு எண்ணும் இதிலிருந்து கிடைத்தது. சிவகிரியில் இருந்தபடி நான் 24,500 சம்பாதித்தாலே, ஆகக் கெட்ட மாதத்தில் பள்ளம் சென்னை வாடகை வீட்டில் இருப்பதற்குச் சமமாக 17,000-தான் ஆகிறது. மிச்சம் 41,500 ஆகும், 48,000 ஆகாது. அந்த 6,500 ரூபாய் வித்தியாசம் பெரியவங்களோடு இருப்பதற்கான விலை என்றால் கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. வேலையே இல்லாமல் போனால் 31,000. ரெண்டு விலைக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

வீடு வாங்குகிற கேள்வி

"வாடகை கொடுக்கிற காசை தவணையாக் கட்டலாமே" என்று சொல்லாத சித்தப்பா கிடையாது. 20,000 வாடகையும் 43,400 தவணையும் ஒரே காசு கிடையாது என்பது ஒருபுறம். தவணையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்க. முதல் மாதம் கட்டுகிற 43,400-ல் வட்டி மட்டும் 35,400. அசலில் கழிவது 8,000 கூட இல்லை. இருபது வருஷத்தில் கட்டுகிற மொத்தம் சுமார் 1 கோடியே 4 லட்சம். அதில் வட்டி 54 லட்சம்.

கைக்காசும் வேண்டும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு. 50 லட்சம் கடன் வேண்டுமானால் வீடு 62.5 லட்சம், 12.5 லட்சம் நம்முடையது. விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. அது ஒரு 5.6 லட்சம். ஆக 18 லட்சம் கையில் இருக்கணும். மாதம் 48,000 சேர்த்தால் மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

வரிச்சலுகைக்காக வீடு வாங்குவது என்ற பழைய காரணமும் இப்போது பெரும்பாலான இளம் தம்பதிகளுக்குப் பொருந்தாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், நிலைக்கழிவையும் சேர்த்து 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வரியே இல்லை. இது ஆளுக்கு ஆள் தனித்தனி. கணவன் மனைவி ரெண்டு பேரும் அந்த வரம்புக்குள் இருந்தால் ரெண்டு பேருக்கும் வரி பூஜ்யம். நாமே குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. கட்டாத வரியை மிச்சம் பிடிக்க முடியாது, இல்லையா?

இதனால் வீடு வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பத்து வருஷம் அதே நகரத்தில்தான் இருப்போம் என்று தெரிந்தவர்களுக்கு அது நல்ல முடிவாக இருக்கலாம். எந்த ஊரில் இருப்போம் என்பதே தெரியாதவர்கள் முதலில் வீடு வாங்கினால், பிறகு வேலை, குழந்தை, பெரியவங்க என்று எல்லா முடிவையும் அந்த வீடே எடுக்கும்.

நகையும் மொய்யும்

கல்யாணமான புதுசில் தம்பதியின் ஐந்தொகையை எழுதச் சொன்னால் பி.எஃப்., வங்கி இருப்பு, வண்டி என்று எழுதுவோம். நம் பக்கத்தில் பெரிய சொத்து ஒண்ணும் பெரிய கடன் ஒண்ணும் அதில் விட்டுப்போகும்.

சொத்து, நகை. கைக்காசு 18 லட்சம் என்றதும் எல்லார் கண்ணும் பீரோவுக்குப் போகும். அதை விற்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால் அது யாருடையது என்பது தெரியணும். கல்யாணத்தில் பெண்ணுக்குப் போட்ட நகையும் அவளுக்குக் கொடுத்த சீரும் ஸ்ரீதனம். அது முழுக்க அவளுடைய சொத்து, கணவனோ மாமியார் வீடோ அதற்குக் காப்பாளர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் சொல்லிவிட்டது. மனைவியின் நகையை விற்று, கணவன் பேரில் மட்டும் பத்திரம் பதிவு செய்தால் என்ன நடக்கிறது? அவளுடைய சொத்து சத்தமில்லாமல் அவனுடைய சொத்தாக மாறிவிடுகிறது. நகை வீட்டுக்குள் போகிறதென்றால் அந்த அளவுக்கான பங்கு அவள் பேரில் பத்திரத்தில் இருக்கட்டும். இதைக் கேட்பதில் சங்கடம் ஒண்ணும் இல்லை. நான் கேட்டேன்; அவருக்கும் அது சரியென்று பட்டது.

எங்களைப் பொறுத்தவரை நகையை விற்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் வேறே. வேலை போன ஒரு மாதத்தில் வங்கி தனிநபர் கடன் தராது, சம்பளச் சீட்டு கேட்கும். நகைக் கடனுக்கு அது தேவையில்லை. ராஜபாளையத்திலோ சிவகிரியிலோ அன்றைக்கே வாங்கலாம். நகை எங்களுக்குக் கடைசி மாற்று ஏற்பாடு. அதைத் தூக்கி வீட்டில் போட்டால் அந்த ஏற்பாடு போயிரும்.

கடன், மொய். எங்க கல்யாணத்துக்கு வந்த மொய் நோட்டு மாமா கையில் இருக்கிறது. பேர், ஊர், தொகை. பார்க்கப் பரிசு மாதிரி இருந்தாலும் அது வட்டியில்லாக் கடன். தேதி போடாத கடன். அந்த வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வரும்போது, வாங்கினதுக்கு மேல் கொஞ்சம் வைத்துத் திருப்பணும். சென்னையில் இருக்கிற பிள்ளைகள் இதை மறந்தால் அப்பா அம்மா அவங்க கைக்காசிலிருந்து கட்டிக்கொண்டே இருப்பார்கள். நாங்க மொய் நோட்டைப் பார்த்து, வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை மாதச் செலவிலேயே ஒதுக்கிவிட்டோம். மேலே அந்த 5,000-க்குள் இருப்பது அதுதான்.

யார் வேலையை விடுவது?

"உன் சம்பளம்தானே கம்மி, நீ விட்டா என்ன?" இது தர்க்கமாகத் தெரியும். இதைத்தான் கிளாடியா கோல்டின் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். 2023-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அவர் காட்டியது இது: ஆண் பெண் சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆரம்பத்தில் இருப்பதில்லை, முதல் குழந்தைக்குப் பிறகு விரிகிறது. எந்த நேரத்திலும் கூப்பிட்ட உடனே வருகிறவருக்கு அதிகச் சம்பளம் தரும் வேலைகளை அவர் "பேராசைக்கார வேலை" என்கிறார். ஒரு வீட்டில் ஒருவர் அந்த வேலையை எடுத்துக்கொண்டால் இன்னொருவர் வீட்டுக்காக வளைந்துகொடுக்கிறார். வளைகிறவர் பெரும்பாலும் மனைவி. முதல் நாள் பத்தாயிரம் வித்தியாசம். அந்த வித்தியாசமே அடுத்த முடிவுக்குக் காரணமாகி, பத்து வருஷத்தில் பெரிய பள்ளமாகிறது.

கணக்காகப் போட்டால்: 55,000 சம்பளம் வருஷத்துக்கு 8% ஏறினால் அஞ்சு வருஷத்தில் ஏறக்குறைய 80,800. அஞ்சு வருஷம் விட்டுவிட்டு, அதிர்ஷ்டம் இருந்து பழைய 55,000-க்கே திரும்ப வேலை கிடைத்தாலும், அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் 25,800 குறைவு. இடையில் விட்டுப்போன சம்பளமும் பி.எஃப்.பும் தனி. வேலையை விடுவதன் விலை இன்றைய சம்பளத்தோடு முடிவதில்லை.

குழந்தை பற்றி யோசிக்கிறவர்கள் சட்டத்தையும் பார்க்கணும். 2017 திருத்தத்துக்குப் பிறகு, முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு. ஆனால் எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில், எந்த நிறுவனத்திடம் கேட்கிறோமோ அங்கே 80 நாளாவது வேலை பார்த்திருக்கணும். வேலையை விட்டால் இது போச்சு. நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடும் அதோடு போகும். தனியாக எடுக்கிற பாலிசிகளில் பிரசவச் செலவுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு. "குழந்தை பெத்துக்கணும், அதனால வேலையை விடுறேன்" என்பது இந்த வரிசையில் பார்த்தால் தலைகீழ். விடுப்பு எடுக்கணும், காப்பீடு இருக்கணும், அதற்குப் பிறகு விடுவதா வேண்டாமா என்று யோசிக்கலாம்.

அந்த 26 வாரத்தை "ஊர் ஒத்துவருமா என்று பார்க்கிற பரிசோதனை"யாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தோழி சொன்னாள். அது ஒத்துவராது. பச்சைக் குழந்தையோடு, தூக்கம் இல்லாமல், எல்லாரும் தாங்குகிற மாதங்களை வைத்து ஒரு ஊரின் சாதாரண நாளை எடைபோட முடியாது.

மத்தளம்பாறை சொல்லும் பாடம்

தென்காசி மாவட்டம் என்றதும் சென்னையில் எல்லாரும் சொல்வது ஜோஹோ. ஸ்ரீதர் வேம்புவின் அந்த நிறுவனம் 2011-ல் தென்காசி பக்கம் அலுவலகம் தொடங்கியது, மத்தளம்பாறையில் வளாகம். அவரே பிறகு அங்கே குடிவந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாத பிள்ளைகளையும் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கும் பள்ளியும் அங்கே நடக்கிறது. மென்பொருள் வேலை பெருநகரத்தில்தான் நடக்கணும் என்பதில்லை என்று பத்து வருஷத்துக்கு மேலாக நிரூபித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆனால் சிவகிரியில் உட்கார்ந்து பார்த்தால் ரெண்டு விஷயம் தெரியும். முதலாவது, தூரம். இங்கிருந்து மத்தளம்பாறை அம்பது கிலோமீட்டருக்கு மேல். தினமும் போய்வருவதைவிட ராஜபாளையத்துக்குப் போய்வருவது லேசு. சிவகிரியில் ரயில் நிலையமும் கிடையாது. பொதிகை பிடிக்கணும்னா சங்கரன்கோவிலோ ராஜபாளையமோ போகணும். "தென்காசி பக்கம் வேலை" என்பதும் "எங்க வீட்டிலிருந்து வேலை" என்பதும் வேறே வேறே.

ரெண்டாவது, ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதியது: ஒரே தொழிலில் பல முதலாளிகள் இருக்கும் இடத்துக்குத் தொழிலாளர்கள் போவார்கள், ஏனென்றால் ஒரு இடம் மூடினால் பக்கத்தில் இன்னொண்ணு இருக்கும். சென்னை உங்களுக்குத் தருவது சம்பளம் மட்டும் இல்லை, ரெண்டாவது முதலாளியும்தான். எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், பகுதிக்கு ஒண்ணே ஒண்ணு என்றால் அங்கே வேலை பிடிக்காதபோது ஊரையே மாற்ற வேண்டி வரும்.

தம்பதிகளுக்கு இது இரட்டிப்பு. டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் எழுதிய கட்டுரையில், படித்த கணவன் மனைவி ஏன் பெருநகரங்களில் குவிகிறார்கள் என்று கேட்டார்கள். ஒரே ஊரில் ரெண்டு பேருக்கும் தகுந்த வேலை கிடைப்பது சின்ன ஊரில் கஷ்டம் என்பது அவர்கள் பதில். பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள்: படித்தவர்கள் தனி ஆளாக நகரத்துக்கு வந்து, அங்கே சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அதனால்தான் குவிகிறார்கள் என்று. நம்ம ஊரில் இந்த மறுப்பு அவ்வளவாக நிற்காது. எங்க மாதிரி எத்தனையோ பேர் ஊரில் ஜாதகம் பார்த்து, ஊர் மண்டபத்தில் கல்யாணம் பண்ணி, நகரத்தில் குடித்தனம் வைக்கிறோம். எங்களை அங்கே பிடித்துவைத்திருப்பது ரெண்டாவது வேலைதான்.

வீட்டிலிருந்து வேலை என்பது இந்த முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது. அவர் வேலை ஊரை விட்டுக் கழன்றுவிட்டது, என்னுடையது கழலவில்லை. எங்க பிரச்சினை முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

செலவில்லாமல் முடிக்க வேண்டிய காகித வேலை

எந்த ஊரில் இருந்தாலும் கல்யாணமான முதல் வருஷம் முடிக்க வேண்டியவை இவை. காசு செலவு குறைவு, பலன் பெரிது.

பி.எஃப். நியமனம்: கல்யாணத்துக்கு முன்னால் போட்ட நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போகும். புதிதாகப் போடணும். இணையத்திலேயே செய்யலாம். வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுக்காமல் அதே யூ.ஏ.என். எண்ணில் மாற்றிக்கொள்ளுங்க, ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து வருஷச் சேவை தேவை.

ஆயுள் காப்பீடு: கணவன் எடுக்கும் பாலிசியைத் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டம், 1874-ன் கீழ் எடுத்தால், அந்தத் தொகை மனைவி, குழந்தைகளுக்கான அறக்கட்டளை போல ஆகிவிடும், கடன்காரர்கள் கை வைக்க முடியாது. எடுக்கும்போதே சொல்லணும், பிறகு சேர்க்க முடியாது. வீட்டுக் கடன் வாங்கப் போகிறவர்கள் கட்டாயம் இதைக் கேளுங்க. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை.

உயில்: முப்பது வயதில் எதுக்கு என்று தோன்றும். வங்கியில் நாமினியாக இருப்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர்தான். அது யாருக்குச் சேரும் என்பதை வாரிசுச் சட்டம் முடிவு செய்யும். இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாமல் கணவன் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் சமபங்கு வாரிசுகள். தகப்பன் அந்த முதல் வரிசையில் இல்லை. மனைவி இறந்தால் இன்னும் ஆச்சரியம்: அவள் சொந்தமாகச் சம்பாதித்தது முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். அவர்களும் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்குப் பிறகுதான் அவளைப் பெற்றவர்களுக்கு. குழந்தையில்லாத தம்பதி ஒரே விபத்தில் போனால், சங்கரன்கோவிலில் இருக்கும் என் அம்மாவுக்கு என் சேமிப்பிலிருந்து ஒண்ணும் வராமல் போகலாம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. ரெண்டு சாட்சி போதும். நானும் அவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வைத்தோம்.

நாங்க எடுத்த முடிவு

வீடு மூணு வருஷத்துக்குக் கிடையாது. எந்த ஊர் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம்.

சென்னையில் இருக்கும்வரை செலவு அவர் சம்பளமான 65,000-க்குள். வெளிச்சாப்பாட்டிலும் போக்குவரத்திலும் சேர்த்து 7,000 குறைக்கணும், முடிகிற காரியம்தான். என் சம்பளம் முழுக்கச் சேமிப்பு. ஒரு கால் உடைந்தாலும் இன்னொரு கால் தாங்கும்.

சிவகிரியில் ஆகக் கெட்ட பள்ளம் மாதம் 41,500. ஆறு மாதத்துக்கு 2,49,000. அந்தத் தொகை தனியாக வங்கி வைப்பில் இருக்கும். அது நிறையாமல் ஊருக்குப் போவதில்லை.

நான் வேலையை விட்டுவிட்டு வேலை தேடப்போவதில்லை. சிவகிரியிலிருந்தே பார்க்கக்கூடிய, மாதம் 25,000-க்குக் குறையாத வேலை எப்போது கையில் கிடைக்கிறதோ அப்போது போகலாம். குழந்தை அதற்கு முன்னால் வந்தால் விடுப்பு இப்போதைய வேலையிலிருந்துதான்.

இதில் விலை போடாத ஒண்ணு உண்டு. ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் வேலை தேடும் ஒவ்வொரு மாதமும் அவங்களோடு இருக்கிற மாதங்களில் ஒண்ணு குறைகிறது. அதை ரூபாயாக்க முயற்சி செய்து விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு தேதி வைத்துக்கொண்டோம்: அடுத்த சித்திரை. அதற்குள் வேலை கிடைக்கவில்லை என்றால், 25,000 என்கிற எண்ணைக் குறைப்பதா, அவர் மட்டும் மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதா என்று மறுபடி உட்கார்ந்து பேசணும். அவர் வேலை ஏற்கெனவே கழன்றுவிட்டது என்பதால் ரெண்டாவது வழி நாளைக்கே கூட முடியும்.

ஆச்சியிடம் இதை எல்லாம் சொன்னபோது அவங்க 24,500 கணக்கைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாங்க. "அப்போ வேலையோட வா. வேலையை விட்டுட்டு வராத" என்றாங்க. மாமாவும் அத்தையும் அதற்குப் பிறகு அந்த மூணாவது கேள்வியைக் கேட்பதில்லை. முதல் ரெண்டையும் கேட்கத்தான் செய்கிறார்கள்.